பாஸ்டனில் ஒரு சிவப்புக் கோடு

அமெரிக்கா என்றவுடன் நம் கண் முன்னால் வந்து நிற்பவை நியூயார்க் நகரத்து வானளாவிய கட்டடங்கள், ஹாலிவுட், நயாகரா நீர்வீழ்ச்சி. போய் வந்தவர்களும் இவற்றின் முன்னால் நின்று எடுத்துக் கொண்ட படங்களைத்தான் காட்டுகிறார்கள். பாஸ்டன் நகரத்தைப் பற்றிக் கேட்டால், "என் பிள்ளை அங்கேதான் படிக்கிறான், குளிர் தாங்கவில்லையாம்" என்பதோடு பேச்சு நின்று விடுகிறது.

உண்மையில் சென்னைக்காரர்களுக்குப் பாஸ்டன் அவ்வளவு அந்நியமான ஊர் அல்ல. 1687 முதல் 1692 வரை நமது செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த ஈலிஹு யேல், 1649-ல் பிறந்தது இந்த ஊரில்தான். சென்னையில் சேர்த்த செல்வத்திலிருந்து ஒன்பது மூட்டைச் சரக்கும் 417 புத்தகங்களும் ஒரு சின்னஞ்சிறு கல்லூரிக்கு அனுப்பினார். அதற்கு நன்றியாக அந்தக் கல்லூரி 1718-ல் அவர் பெயரைச் சூட்டிக் கொண்டது. அதுதான் இன்றைய யேல் சர்வகலாசாலை!

நியூயார்க்கிலிருந்து ரயிலில் சுமார் நான்கு மணி நேரத்தில் பாஸ்டன் வந்து விடும். ஊரின் நடுவிலே, நடைபாதையில் ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறது. சில இடங்களில் செங்கல் பதித்திருக்கிறார்கள். சில இடங்களில் வர்ணம் பூசியிருக்கிறார்கள். அதைப் பிடித்துக் கொண்டு நடந்தால் போதும், வழி கேட்க வேண்டியதில்லை. இரண்டரை மைல் தூரத்தில் பதினாறு சரித்திர ஸ்தலங்கள். 'சுதந்திரப் பாதை' என்று அதற்குப் பெயர். 1951-ல் உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் ஒருவர் சொன்ன யோசனை அது. பத்திரிகைக்காரர்கள் சொல்லும் யோசனையையும் சில ஊர்களில் கேட்கிறார்கள், பாருங்கள்!

இந்தப் பாதையில் துப்பாக்கிச் சண்டைகளைப் பற்றி யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நாம் வேறொரு சங்கதியைத் தேடிப் போகலாம். என் வீடு என்னுடையது, என் காசு என்னுடையது, சரி. என் உடம்பு? "கையை நீட்டு, ஊசி போட வேண்டும்" என்று சர்க்கார் சொல்லலாமா? சொல்லக் கூடாது என்றால், என் நோய் பக்கத்து வீட்டுக் குழந்தைக்குத் தொற்றினால் யார் பொறுப்பு? இந்தக் கேள்வியை இந்த ஊர் முந்நூறு வருஷங்களாக விடாமல் கேட்டுக் கொண்டிருக்கிறது.

தேயிலையும் வைசூரியும்

பாதை ஆரம்பிப்பது 'காமன்' என்ற பூங்காவில். 1634-ல் ஊர்ப் பொதுவில் வாங்கி விட்ட ஐம்பது ஏக்கர் புல்வெளி. அந்தக் காலத்தில் எல்லோர் வீட்டு மாடும் இங்கேதான் மேயும். 1830 வரையில் மேய்ந்திருக்கின்றன. இன்று மாடுகளுக்குப் பதிலாகக் குழந்தைகளும் அணில்களும் ஓடிக் கொண்டிருக்கின்றன.

அங்கிருந்து சற்று நடந்தால் கூர்மையான கோபுரத்துடன் ஒரு செங்கல் கட்டடம் தெரியும். 1729-ல் கட்டிய பழைய தெற்குக் கூட்ட மண்டபம். கோயிலாகவும் இருந்தது, ஊர்க்கூட்டம் பெருத்துப் போனால் சபையாகவும் ஆயிற்று. 1773-ம் வருஷம் டிசம்பர் 16-ம் தேதி இங்கே சுமார் 5,000 பேர் கூடினார்கள். அன்று இரவுதான் மூன்று கப்பல்களிலிருந்து 340 பெட்டித் தேயிலை கடலில் போயிற்று.

தேயிலை விலை ஏறியதனால் கோபம் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அம்மா! அந்த வருஷத்துச் சட்டத்தினால் விலை குறைய இருந்தது. "எங்களைக் கேட்காமல் எங்கள் மேல் வரி போட நீ யார்?" என்பதுதான் சண்டை. தேயிலை சீனத்துச் சரக்கு. விற்க வந்தது கிழக்கிந்தியக் கம்பெனி. நம் ஊர்க் கோட்டையைக் கட்டிய அதே கம்பெனிதான். ஆனால் சாயங்காலக் காப்பியை விட மறுக்கும் நம் வீட்டுப் பாட்டிமார்கள், இந்தச் செய்தியைக் கேட்டால் பாஸ்டன்காரர்களை மன்னித்து விடுவார்கள்!

'எங்களைக் கேட்காமல்' என்ற அந்த இரண்டு சொற்களை முடிச்சுப் போட்டு வைத்துக் கொள்ளுங்கள். நம் யாத்திரை முழுவதும் அவை கூட வரப் போகின்றன.

இந்த மண்டபத்துக்கு எதிரே மில்க் தெரு. பெஞ்சமின் ஃப்ராங்க்ளின் 1706-ல் பிறந்தது அங்கே. அவருக்குப் பதினைந்து வயது, அண்ணன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் எடுபிடி வேலை. அந்த 1721-ம் வருஷத்தில் ஒரு கப்பலோடு வைசூரி ஊருக்குள் வந்தது.

நம்முடைய வீடுகளில் வேப்பிலை கட்டி, வாசலில் ஆள் வராமல் தடுத்து, ஆத்தாள் இறங்க வேண்டுமே என்று தவித்த நாட்களைப் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே தவிப்பு பாஸ்டனில். ஊரில் அப்போது இருந்தவர்கள் சுமார் 11,000 பேர். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அம்மை போட்டது. 844 பேர் இறந்தார்கள்.

காட்டன் மாதர் என்ற பெரிய பாதிரியார் ஒருவர் இருந்தார். அவர் வீட்டில் ஒனெஸிமஸ் என்று ஓர் ஆப்பிரிக்க அடிமை. 1706-ல் சபையார் விலை கொடுத்து வாங்கிப் பாதிரியாருக்குக் காணிக்கையாகக் கொடுத்த மனிதர். "உனக்கு அம்மை வந்ததுண்டா?" என்று எஜமானர் கேட்டபோது, தம் கையிலிருந்த தழும்பைக் காட்டி, தம் தேசத்து வழக்கத்தைச் சொன்னார் ஒனெஸிமஸ். அம்மை கண்டவரின் கொப்புளத்துச் சீழைக் கொஞ்சம் எடுத்து, நல்ல உடம்பில் கீறி வைப்பது; லேசாக அம்மை போட்டு இறங்கி விடும்; பிறகு ஆயுளுக்கும் பயமில்லை.

மாதர் இதை வைத்தியர்களிடம் சொன்னார். துணிந்து முன் வந்தவர் ஸாப்டியல் பாய்ல்ஸ்டன் என்ற ஒருவர்தான். ஜூன் 26-ம் தேதி தம்முடைய ஆறு வயது மகனுக்கே முதலில் கீறி வைத்தார். கூடவே தம் வீட்டு அடிமை ஒருவருக்கும் அவருடைய சின்னக் குழந்தைக்கும் வைத்தார். மூவரும் பிழைத்தார்கள். ஆனால் அந்த அடிமையையும் அவர் குழந்தையையும் குறித்து, "சம்மதமா?" என்று கேட்டவர் உண்டா? கேட்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் யாருக்கும் தோன்றியிருக்காது.

ஊரே கொந்தளித்தது. நோயைக் கொண்டு வந்து கொடுப்பதா வைத்தியம் என்றார்கள். ஜேம்ஸ் ஃப்ராங்க்ளின் அந்த ஆகஸ்டில் ஒரு பத்திரிகை ஆரம்பித்து, இந்த வைத்தியத்தைச் சாடினார். நவம்பரில் மாதருடைய வீட்டு ஜன்னல் வழியே திரி கொளுத்திய வெடிகுண்டு ஒன்று வந்து விழுந்தது. நல்ல வேளை, வெடிக்கவில்லை. கணக்குப் பார்த்தபோது பாய்ல்ஸ்டன் கீறி வைத்த சுமார் 250 பேரில் இறந்தவர்கள் ஆறு பேர். தானாக அம்மை கண்டவர்களிலோ நூற்றுக்குப் பதினான்கு பேர் போய் விட்டார்கள். வைத்தியத்துக்கு நியாயம் சொல்லத் தர்க்கம் மட்டும் அல்லாமல் எண்ணிக்கையையும் எடுத்து வைத்த ஊர் இது.

அண்ணனின் அச்சுக்கூடத்தில் வளர்ந்த பெஞ்சமின் பிற்காலத்தில் இந்த வைத்தியத்தை ஆதரிப்பவரானார். ஆனாலும் 1736-ல் அவருடைய நான்கு வயது மகன் ஃப்ரான்ஸிஸ், அம்மை குத்தப்படாமலே வைசூரியில் இறந்தான். அந்தத் துக்கம் தம்மை விட்டுப் போகவில்லை என்று தம் சுயசரிதையில் எழுதி, தாய் தகப்பன்மாரை எச்சரிக்கிறார். மேதையானாலும் தகப்பன் தகப்பன்தானே?

மாடத்தில் பிரகடனம், வீட்டில் அம்மை

சிவப்புக் கோடு அடுத்தபடியாக நம்மைப் பழைய மாகாண மாளிகைக்குக் கொண்டு விடுகிறது. 1713-ல் கட்டியது. சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள் வானை முட்டிக் கொண்டு நிற்க, நடுவிலே கொலுப் பொம்மை போல் இந்தச் செங்கல் வீடு. அடித்தளத்தில் சுரங்க ரயில் நிலையத்துக்கு வாசல்! உச்சியில் பிரிட்டிஷ் அரசரின் சிங்கமும் ஒற்றைக் கொம்புக் குதிரையும் நிற்கின்றன. அசல் பொம்மைகளை 1776 ஜூலை 18-ம் தேதி ஜனங்கள் இறக்கி எரித்து விட்டார்கள். இவை பிறகு வைத்த பிரதிகள்.

அன்றுதான் இதன் மாடத்தில் நின்று சுதந்திரப் பிரகடனத்தைப் பாஸ்டன் ஜனங்களுக்குப் படித்தார்கள். கீழே கூட்டத்தில் முப்பத்தொரு வயதுப் பெண்மணி ஒருத்தி நின்றாள். அபிகெய்ல் ஆடம்ஸ். அவள் கணவர் ஜான் ஆடம்ஸ், அந்தப் பிரகடனத்தை உருவாக்கிய குழுவில் ஒருவர். பிற்காலத்தில் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி. அப்போது அவர் இருந்தது பிலடெல்பியாவில்.

அபிகெய்ல் பிரகடனம் கேட்பதற்காகப் பாஸ்டன் வரவில்லை. யுத்தத்தோடு வைசூரியும் பரவியிருந்தது. அம்மை குத்தினால் குத்திக் கொண்டவரிடமிருந்தும் தொற்றும் என்பதால், அனுமதி இல்லாத காலத்தில் அதைச் செய்யக் கூடாது என்று தடை இருந்தது. ஜூலை ஆரம்பத்தில் பாஸ்டனில் தடை நீங்கியது. உடனே தன் நான்கு குழந்தைகளையும் அழைத்துக் கொண்டு உறவினர்களோடு மாமா வீட்டில் வந்து இறங்கினாள். தானும் குத்திக் கொண்டாள். கணவரைக் கலந்து கொள்ளக் கடிதம் போட்டுப் பதில் வரக் காத்திருந்தால் காலம் கடந்து விடும். தீர்மானம் அவளுடையது.

சுலபமாகவா முடிந்தது? மூத்த பெண்ணுக்கு உடம்பெல்லாம் முத்து. ஆறு வயதுச் சார்ல்ஸுக்குக் கீறியது பலிக்காமல், மறுபடியும் குத்தி, கடைசியில் கடுமையாகவே அம்மை போட்டு, காய்ச்சலில் பிதற்றினான். ஏறக்குறைய இரண்டு மாதம் அந்த வீட்டிலேயே கிடந்து, எல்லோரும் பிழைத்து ஊர் திரும்பினார்கள். அந்தக் குழந்தைகளில் ஒருவனான ஜான் குவின்ஸி, பிற்பாடு ஆறாவது ஜனாதிபதி.

அந்த வருஷம் மார்ச்சில் அபிகெய்ல் கணவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தாள். புதிய சட்டங்கள் செய்யும்போது பெண்களை மறந்து விடாதீர்கள் என்று கேட்டிருந்தாள். ஆடம்ஸ் அதைச் சிரித்துத் தட்டி விட்டார். நான்கு குழந்தைகளின் உயிரைப் பணயம் வைத்துத் தீர்மானம் செய்யத் தெரிந்தவளுக்கு, ஓட்டுப் போடத் தெரியாதாம்! அமெரிக்க அரசியல் சட்டம் பெண்களின் வாக்குரிமையை ஒப்புக் கொண்டது 1920-ல். பிரகடனத்துக்குப் பிறகு 144 வருஷம்.

கீழே கடை, மேலே சபை

இப்போது பசி எடுத்திருக்கும். ஃபேனியல் மண்டபத்துக்கு வாருங்கள்; பக்கத்திலேயே சாப்பாட்டுக் கடைகள். பாஸ்டனுக்கு 'மொச்சை ஊர்' என்று செல்லப் பெயர் உண்டு. பெயரைக் கேட்டுச் சைவர்கள் ஏமாந்து விடாதீர்கள். வெல்லப்பாகு ஊற்றி வேக வைக்கும் அந்தப் பயற்றில் உப்பிட்ட பன்றிக்கொழுப்புச் சேர்ப்பதுதான் பழைய பக்குவம்.

1742-ல் பீட்டர் ஃபேனியல் என்ற வியாபாரி ஊருக்குக் கட்டிக் கொடுத்த மண்டபம் இது. கீழே கடைகள், மேலே ஊர்ச்சபை. அவருடைய செல்வத்தில் அடிமை வியாபாரத்தின் லாபமும் கலந்திருந்தது என்பதை இன்று யாரும் மறைப்பதில்லை. சுதந்திரத்தின் தொட்டில் என்று புகழப்படும் இடத்துக்கு அந்தப் பெயர் இருக்கலாமா என்று ஊரில் வாக்குவாதம் நடந்திருக்கிறது.

2006 ஏப்ரல் 12-ம் தேதி இந்த மண்டபத்து மேடையில் மாஸசூஸெட்ஸ் மாகாண கவர்னர் மிட் ராம்னி ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். மாகாணத்தில் வாழும் வயது வந்தோர் எல்லோரும் வைத்திய இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். வசதியிருந்தும் எடுக்காவிட்டால் வரியோடு அபராதம். ஏழைகளுக்கு சர்க்கார் உதவி.

இதன் அருமை தெரிய வேண்டுமானால் அங்கத்திய குடும்ப வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும். அமெரிக்காவில் ஆஸ்பத்திரிச் செலவு யானையைக் கட்டித் தீனி போடுவது போல. பெரும்பாலோருக்கு இன்ஷூரன்ஸ் என்பது வேலையோடு வருவது. வேலை போனால் அதற்கும் ஆபத்து. 65 வயதானவர்களுக்கு 1965-ம் வருஷச் சட்டப்படி 'மெடிகேர்' உண்டு. மற்றவர்கள் நிலைமை அவரவர் சம்பாத்தியத்தைப் பொறுத்தது. ஆனால் 1986-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று, அவசர சிகிச்சைக்கு வந்தவரைப் பணம் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது. நல்ல சட்டம். அந்தச் செலவு மட்டும் சுற்றி வளைத்து மற்றவர்கள் தலையில் விழுகிறது.

"நான் திடகாத்திரமானவன், எனக்கு எதற்கு இன்ஷூரன்ஸ்? கட்டாயப்படுத்த நீ யார்?" என்கிறான் ஓர் இளைஞன். "உன் கால் ஒடிந்தால் செலவு எங்கள் பங்குதானே, தம்பி?" என்கிறார்கள் அண்டை அயலார். பார்த்தீர்களா, வைசூரிக் காலத்துக் கேள்வியே வேஷம் மாறி வந்திருக்கிறது!

2010-ல் தேசம் முழுவதற்கும் இது போன்ற சட்டம் வந்தது. வழக்கு ஸுப்ரீம் கோர்ட்டுக்குப் போயிற்று. 2012-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சட்டம் பிழைத்தது. வாங்கியே ஆக வேண்டும் என்று ஆணையிட சர்க்காருக்கு அதிகாரமில்லை. வாங்காதவர் மேல் வரி போட உண்டு என்றது தீர்ப்பு. பிறகு காங்கிரஸ் சபை 2019 முதல் அந்த வரியைப் பூஜ்யமாக்கி விட்டது. மாஸசூஸெட்ஸ் மட்டும் தன் விதியைக் கை விடவில்லை. இன்ஷூரன்ஸ் இல்லாதவர்கள் மிகக் குறைவாக உள்ள மாகாணங்களில் அதுவும் ஒன்று.

மறுத்த தகப்பனார்

சிவப்புக் கோடு இத்தாலியர் குடியேறிய வடக்குப் பேட்டைக்குள் நுழைகிறது. பலகாரக் கடை வாசனை மூக்கைத் துளைக்கும். குறுகிய தெருவில், மரத்தால் கட்டிய பழைய வீடு ஒன்று நிற்கிறது. 1680-ஐ ஒட்டிக் கட்டியது. வெள்ளி வேலை செய்யும் தட்டார் பால் ரிவீர் 1770-ல் வாங்கிய வீடு. 1775-ல் நள்ளிரவில் குதிரை மேலேறிப் போய், பிரிட்டிஷ் பட்டாளம் வருகிறது என்று எச்சரித்த வீரர் என்று அமெரிக்கக் குழந்தைகள் அவரைப் பாடத்தில் படிக்கிறார்கள்.

பாடத்தில் வராத கதை ஒன்று உண்டு. இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னால், 1764-ல், அவருடைய குழந்தைக்கு வைசூரி கண்டது. ஊர்க்காரியஸ்தர்கள் வந்து, குழந்தையை ஊருக்கு வெளியேயுள்ள அம்மை விடுதிக்கு அனுப்பச் சொன்னார்கள். ரிவீர் மறுத்து விட்டார். எந்தத் தாய் தகப்பனுக்குத்தான் மனம் வரும்? ஊரார் குழந்தையைப் பிடுங்கிக் கொண்டு போகவில்லை. குடும்பம் முழுவதும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்க, வாசலில் காவல் போட்டார்கள். குழந்தை தாயின் மடியில் இருந்தது. நோய் தெருவுக்கு வரவில்லை.

1799-ல் பாஸ்டன் நகரம் சுகாதார சபை ஒன்றை ஏற்படுத்தியது. அதற்கு முதல் தலைவர் யார் தெரியுமா? இதே பால் ரிவீர்! மறுத்து நின்ற தகப்பனார், மற்ற வீட்டுத் தகப்பன்மாருக்கு உத்தரவு போடும் நாற்காலியில் உட்கார்ந்தார். இப்படி இரண்டு பக்கமும் இருந்து பார்த்தவர்கள் அதிகாரிகளாக வாய்த்தால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அருகேயுள்ள காப்ஸ் குன்று மயானத்தில் காட்டன் மாதரின் கல்லறை இருக்கிறது. பெயர்க்கல் இல்லாமல் ஆயிரத்துக்கு மேற்பட்ட கறுப்பர்களும் அந்த மண்ணில் உறங்குகிறார்கள். ஒரு நிமிஷம் நின்று விட்டு வருவோம்.

ஐந்து டாலர் பாதிரியார்

கால் வலித்தால் இனி நடக்க வேண்டாம். ஆரம்பித்த பூங்காவுக்கே திரும்பி, அங்கே சுரங்க ரயில் ஏறலாம். அதற்கும் 'சிவப்புக் கோடு' என்றுதான் பெயர். சார்ல்ஸ் நதியைத் தாண்டிச் சில நிமிஷத்தில் கேம்பிரிட்ஜ் நகரம். ஹார்வர்ட் சர்வகலாசாலை இருக்கும் ஊர்.

இந்த ஊரில் 1800 ஜூலையில் டாக்டர் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ், ஜென்னர் கண்டுபிடித்த முறைப்படி, பசுவுக்கு வரும் அம்மைப் பாலைத் தம்முடைய ஐந்து வயது மகனுக்குக் குத்தினார். பழைய முறையை விடப் பன்மடங்கு ஆபத்துக் குறைந்தது. 1855-ல் மாஸசூஸெட்ஸ் மாகாணம், பள்ளிக்கூடம் வரும் பிள்ளைகளுக்கு அம்மை குத்தியிருக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. அமெரிக்காவிலேயே முதல் சட்டம் அது.

1901-லிருந்து 1903 வரை பாஸ்டனில் மறுபடியும் வைசூரி. 1,596 பேருக்குக் கண்டு, 270 பேர் மாண்டார்கள். கேம்பிரிட்ஜ் சுகாதார சபை 1902-ல் எல்லோரும் அம்மை குத்திக் கொள்ள வேண்டும், மறுத்தால் ஐந்து டாலர் அபராதம் என்று உத்தரவு போட்டது. ஹென்னிங் ஜேக்கப்ஸன் என்ற பாதிரியார் மறுத்தார். ஸ்வீடன் தேசத்தில் பிறந்தவர். சின்ன வயதில் அம்மை குத்தியதால் தாம் பட்ட கஷ்டத்தையும், தம் மகனுக்கு ஆன கெடுதலையும் சொன்னார். அபராதத்தையும் கட்ட மறுத்தார். ஐந்து டாலர் வழக்கு ஸுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று!

1905 பிப்ரவரி 20-ம் தேதி ஏழுக்கு இரண்டு என்று தீர்ப்பு. நீதிபதி ஹார்லன் எழுதியதன் சாரம் இது: தனி மனிதன் சுதந்திரம் எல்லையற்றது அல்ல, ஊரைக் காப்பாற்ற நியாயமான விதி செய்ய ஊருக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் இன்னொன்றும் சேர்த்தார். விதி அளவு மீறிப் போனாலோ, குத்திக் கொண்டால் உடம்புக்குக் கேடு என்று நிரூபிக்கப்பட்டவரைக் கட்டாயப்படுத்தினாலோ, கோர்ட்டு சும்மா இராது. கையைப் பிடித்துப் பலவந்தமாகக் குத்தும் சட்டமும் அல்ல அது, அபராதம் மட்டுமே. பாதிரியார் தோற்றார். ஆனால் அவர் பேச்சை ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து கேட்டார்கள்.

யாரும் கேட்காத ஒருத்தி

இதோடு கதை நின்றிருந்தால் சந்தோஷமாக ஊர் திரும்பலாம். நிற்கவில்லை.

பாஸ்டனில் 1841-ல் பிறந்து, ஹார்வர்டில் படித்து, ஜேக்கப்ஸன் வழக்கிலும் பெரும்பான்மையோடு சேர்ந்திருந்த மகா பண்டிதர், நீதிபதி ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ். 1927-ல் அவர் முன்னால் வர்ஜீனியா மாகாணத்திலிருந்து ஒரு வழக்கு வந்தது. கேரி பக் என்ற ஏழைப் பெண். அவள் பிற்காலத்தில் சொன்னபடி, வளர்த்தவர்களின் உறவினன் ஒருவனால் பலாத்காரத்துக்கு ஆளாகி, கல்யாணமாகாமல் தாயானவள். வளர்த்தவர்கள் அவளைப் புத்தி குறைந்தவள் என்று சொல்லி, சர்க்கார் விடுதியில் சேர்த்து விட்டார்கள். அவளுக்கு இனிக் குழந்தையே பிறக்காமல் ஆபரேஷன் செய்ய மாகாணச் சட்டம் இடம் கொடுத்தது.

அவளுக்கு வக்கீல் ஒருவரை அமர்த்தினார்கள். அவரோ அந்த விடுதியின் நிர்வாக சபையில் முன்னாள் அங்கத்தினர்; எதிர்க்கட்சியின் சிநேகிதர். அவள் பக்கத்துச் சாட்சி ஒருவரையும் அவர் கூப்பிடவில்லை. எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆபரேஷனுக்கு அனுமதி கிடைத்தது. அம்மை குத்தக் கட்டாயப்படுத்தலாம் என்ற தத்துவமே இதற்கும் போதும் என்று எழுதி, ஜேக்கப்ஸன் தீர்ப்பைச் சான்று காட்டினார் ஹோம்ஸ். அபராதம் எங்கே, அறுவை எங்கே!

புத்தி குறைந்த வம்சம் என்று முத்திரை குத்தினார்களே, கேரியின் மகள் விவியன் பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படித்துக் கௌரவப் பட்டியலில் இடம் பெற்றாள்; 1932-ல் எட்டு வயதில் இறந்து போனாள். இப்படிப்பட்ட சட்டங்களால் அமெரிக்காவில் 60,000 பேருக்கு மேல் ஆபரேஷன் செய்யப்பட்டது. வர்ஜீனியா அந்தச் சட்டத்தை 1974-ல் ரத்துச் செய்தது. 2002-ல் அந்த மாகாண கவர்னர் மன்னிப்புக் கேட்டார்.

ரிவீர், ஜேக்கப்ஸன், கேரி பக். மூன்று பேரிடமும் சர்க்கார், ஊர் நன்மைக்காக என்றுதான் சொன்னது. முதல் இருவருக்கும் வாய் இருந்தது. வாசல்படியில் நின்று பேசினார்கள், வழக்காடினார்கள். மூன்றாமவளுக்குப் பேச ஆள் இல்லை. பாய்ல்ஸ்டன் வீட்டு அடிமைக்கும் இருக்கவில்லை. பொது நன்மை என்ற சொல் நல்ல சொல்தான். அதை யார் மேல் பிரயோகிக்கிறோமோ, அவரும் எழுந்து நின்று, "ஏன்?" என்று கேட்கும் இடத்தில்தான் அது நல்ல சொல்.

கதவில் ஒட்டிய காகிதம்

வைசூரி உலகை விட்டே ஒழிந்தது என்று 1980-ல் அறிவித்து விட்டார்கள். வாக்குவாதம் ஒழியவில்லை. கொரோனாக் காலத்தில், 2022 ஜனவரி 13-ம் தேதி ஒரே நாளில் ஸுப்ரீம் கோர்ட்டு இரண்டு தீர்ப்புச் சொன்னது. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனிகளில் தடுப்பூசி அல்லது பரிசோதனை என்ற மத்திய சர்க்கார் விதியை நிறுத்தி வைத்தது. சர்க்கார் பணம் பெறும் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான தடுப்பூசி விதியை அனுமதித்தது. நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு ஒரு நியாயம், மற்றவருக்கு ஒரு நியாயம். சரியா, தப்பா என்று இன்னும் சண்டை போடுகிறார்கள்.

மாஸசூஸெட்ஸில் நகரமும் சிற்றூருமாக 351 ஊர்கள். குழந்தைகள் நீந்தும் குளம், ஓட்டல் அடுக்களை, கிணற்றுத் தண்ணீர், தொற்று நோய் எல்லாவற்றையும் உள்ளூர்ச் சுகாதார சபைகள் கவனிக்கின்றன. சிற்றூர்கள் பலவற்றில் வருஷத்துக்கு ஒரு முறையாவது வாக்காளர்கள் ஒரு மண்டபத்தில் கூடி, பள்ளிக்கூடச் செலவிலிருந்து தீயணைக்கும் வண்டி வரையில் கையைத் தூக்கித் தீர்மானிக்கிறார்கள். முன்பு சொத்துள்ள ஆண்கள் மட்டும் உட்கார்ந்த பெஞ்சுகளில் இன்று பெண்களும் உட்கார்ந்து, அபிகெய்ல் கேட்க முடியாத கேள்விகளைக் கேட்கிறார்கள்.

சுகாதார சபை கூடுவதானால், விடுமுறை நாட்கள் நீங்கலாக 48 மணி நேரத்துக்கு முன்னதாக அறிவிப்புப் போட வேண்டும் என்பது மாகாணச் சட்டம். பாஸ்டனுக்குப் போகிறவர்கள் ஒரு சாயங்காலம் ஒழிந்தால், பக்கத்து ஊர் ஒன்றின் சபை மண்டபத்துக்குப் போய் அந்தக் காகிதத்தைப் பாருங்கள். தேதி, மணி, இடம், பேசப் போகும் விஷயம் எல்லாம் அதில் இருக்கும். தலைவர் அனுமதி இல்லாமல் பேச முடியாது. ஆனால் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்கலாம். கதவு திறந்துதான் இருக்கும்.